ஒரு கிட்டாருக்கு எத்தனை தறி?

“எதுக்கு?” என்று கேட்டார் கடைக்காரர்.

ஈயம் உருக்கி ஒயர் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்ன் வேண்டும் என்று நான் கேட்டதற்கு வந்த பதில் கேள்வி அது. திருத்தணி பஜாரில் அந்த எலக்ட்ரிகல் கடைக்கு வந்து ஒயர், பல்ப், மோட்டார் பெல்ட் வாங்குகிற யாரையும் அவர் எதற்கென்று விசாரிப்பதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் விசாரிக்கத் தோன்றுகிறது. என் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாலே பெரியவர்கள் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிற ராசி எனக்கு உண்டு.

“கிட்டாருக்கு” என்றேன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பக்கத்தில் தண்ணீர் மோட்டாரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர், மோட்டாரை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கிட்டாரு வாசிக்கிறது யாரு, நீங்களா?” என்றார் கடைக்காரர்.

“இல்லிங்க, எங்க பாவா.”

“ரிப்பேர் பண்றது?”

“நான்.”

“ஆங்” என்றார், துக்க வீட்டில் தலையாட்டுகிற மாதிரி.

பிறகு கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பேனா கனம். இன்னொன்று பிள்ளையார் துதிக்கை மாதிரி தடித்து, மரப்பிடி போட்டது.

“இது இருவத்தஞ்சு வாட்டு. இது அறுவது. எது குடுக்க?”

அங்கேதான் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். மோட்டார்க்காரர் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

படித்தவனின் குழப்பம்

எதைச் செய்வதற்கு முன்னாலும் அதைப் பற்றிப் படித்துவிடுவது என் வழக்கம். பெரும்பாலும் படித்து முடித்ததும் செய்த திருப்தி வந்துவிடும். அப்புறம் செய்யத் தேவையிருக்காது. நீச்சல், யோகாசனம், ரோஜா வளர்ப்பு எல்லாவற்றிலும் இப்படியே தேர்ந்திருக்கிறேன். தாலுக்கா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு மின்சாரம் நின்ற நேரமெல்லாம் வாசிக்கிற நேரம்தான்.

கிட்டார் விஷயத்திலும் இரண்டு வாரம் படித்தேன். உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. முதல் முறை செய்கிறவர்கள் குறைந்த வாட் வாங்குங்கள், அப்போதுதான் எதையும் எரிக்க மாட்டீர்கள் என்றது ஒரு கட்சி. குறைந்த வாட்தான் எரிக்கும் என்றது மற்றது. அது சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. கிட்டாருக்குள் வால்யூம் கன்ட்ரோல் என்று ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. அதன் முதுகில் எர்த் ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். தகர முதுகு சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பலவீனமான அயர்னை வைத்தால் ஈயம் உருகாது. உருகும் உருகும் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்போம். கடைசியில் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும். பலமான அயர்ன் தொட்டதும் உருக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

எல்லாம் புரிந்தது. புரிந்துகொண்டு, இருபத்தைந்து வாட்டை வாங்கினேன். அறுபதைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

பாவா கிட்டார் வாங்கிய காரணம்

இனி பாவாவைச் சொல்ல வேண்டும். என் அக்காவின் வீட்டுக்காரர். பெயர் சேகர். எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. கீழே விசைத்தறிகள், மேலே குடித்தனம். தறிச் சத்தத்தில் வாழ்ந்து பழகியதால் தலையணைக்குப் பக்கத்தில் பேசினாலும் எதிர்க்கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில்தான் பேசுவார். ஐம்பது வயதுவரை அவருக்கும் சங்கீதத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு, பண்டிகை நாளில் வாடகைக்கு வரும் ஒலிபெருக்கியைக் குறைத்து வைக்கச் சொல்லிச் சண்டை போடுவது.

அவர் மகள் பிரியா மணவூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னாள். தினம் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது ஏற்பட்ட பழக்கம். கிறிஸ்தவக் குடும்பம். பாவா கொஞ்ச நாள் குதித்தார், கொஞ்ச நாள் சாப்பிடாமல் இருந்தார். பிறகு பையனைப் பார்த்தார். பையன் இவரைவிடச் சத்தமாகப் பேசினான். சரி என்றுவிட்டார்.

நிச்சயத்துக்கு அவர்கள் வந்த அன்றுதான் வினை. பையனின் அப்பா சாமுவேல், அவர்கள் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். வீட்டில் எல்லோருக்கும் பாட்டு வரும், ஒரே பாட்டை நாலு குரலில் பிரித்துப் பாடுவார்கள். சும்மா ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார்கள். எங்கள் பக்கத்தார் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டோம். முடிந்ததும் சாமுவேல் மரியாதைக்குக் கேட்டார்.

“உங்க சைடுல யாருனா பாடுவாங்களா, வாசிப்பாங்களா சம்பந்தி?”

என் பெரியப்பா மகன் சீட்டி அடிப்பான். அதைச் சொல்ல முடியாது. பாவா எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். ஒரு குலமே தலைகுனிவதை அவரால் தாங்க முடியவில்லை.

“நான் கிட்டாரு வாசிப்பேன்” என்றார்.

அக்கா கையிலிருந்த மிக்சர் தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்பிடியா? ரிசப்ஷன்ல ஒண்ணு வாசிச்சிடுங்க” என்றார் சாமுவேல்.

அடுத்த வாரமே பாவா சென்னையிலிருந்து பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை ரயிலில் கொண்டுவந்தார். ஜரிகை மூட்டை மாதிரி பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தார், தெருவுக்குத் தெரியக் கூடாதென்று. மறுநாளே தெருவுக்குத் தெரிந்தது. கீழே தறிச் சத்தத்தையும் மீறி மேலே ஒரு சத்தம் கேட்டதால் மோட்டார் பேரிங் போய்விட்டது என்று எதிர்வீட்டு முனிரத்தினம் ஓடிவந்து சொன்னார்.

போனில் பார்த்துப் பார்த்துப் பழகினார். ஒரு பழைய சினிமாப் பாட்டின் முதல் வரி மெல்ல மெல்ல வந்தது. இரண்டாவது வரி வருவதற்குள், ரிசப்ஷனுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, கிட்டார் ‘பர்ர்ர்’ என்று இரைந்துவிட்டு அடங்கிப்போனது. திறந்து பார்த்தேன். முதுகிலிருந்த எர்த் ஒயர் கழன்று தொங்கியது. டப்பாவிலிருந்து கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டில் இருந்த இன்னொரு ஒயர் ஒற்றை இழையில் ஊசலாடியது.

“சென்னைக்கு எடுத்துகினு போனா மாசக் கணக்குல ஆவும்னு சொல்றாங்க மச்சான். வுடு. நேரம் சரியில்ல. நான் சொல்லிக்கிறேன்” என்றார் பாவா.

அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அப்போது அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

“நான் பாக்குறேன் பாவா” என்றேன்.

இருபத்தைந்தும் அறுபதும்

பாவா வீட்டு மாடியில் கடை போட்டேன். கிட்டாரைத் தொடுவதற்கு முன் ஒரு செத்த ரேடியோவில் பழகிக்கொள்வதென்று ஏற்பாடு. கீழே தறிகள் ஓடின. தரை லேசாக அதிர்ந்தது. இருபத்தைந்து வாட் அயர்னைச் செருகி, சூடாகட்டும் என்று காத்திருந்தேன். ரேடியோவிலிருந்த டப்பாவின் முதுகில் வைத்து ஈயக் கம்பியைக் காட்டினேன். ஈயம் என்னைப் பார்த்தது. நான் ஈயத்தைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். “இன்னாடா, ஜுரம் பாக்குறியா?”

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அறுபது வாட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் நாளே அதைத் தனியாக எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

அறுபது அருமையாக வேலை செய்தது. கீழே தறி ஓட, மேலே நான் பற்ற வைத்தேன். முதுகில் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டியிருந்தது, ஆனால் உருகியது. கால்களில் பதமாக உட்கார்ந்தது. ரேடியோவில் பற்ற வைக்க இடமே மிச்சமில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கருவி எனக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் பட்டாவைக் கொடுப்பதற்கு முன் ஈயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி அனுப்பினேன்.

நிஜ வேலையைக் கிருத்திகை அன்று வைத்துக்கொண்டோம். கிருத்திகைக்கு எங்கள் தெருவில் யாரும் தறி போடுவதில்லை. தெரு ஜனம் பாதி மலைமேல் இருக்கும், மீதி மலைக்கு வந்த விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருக்கும். கிட்டார் இரைகிறதா இல்லையா என்று காதால் கேட்க அமைதி வேண்டும். அதுதான் என் திட்டம்.

கிருத்திகை

ஊர் முழுக்க மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்தது. எங்கள் தெரு மட்டும் காது அடைத்ததுபோல் கிடந்தது. மாடியில் கிட்டாரைப் பாய்மேல் படுக்க வைத்து, வயிற்றைத் திறந்து, சுற்றிலும் பஞ்சு, உப்புத்தாள், ஈயம் எல்லாம் பரப்பினேன். பாவா சம்மணம் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அறுபதைச் செருகினேன்.

கிட்டாரில் வைப்பதற்கு முன், கை ஓட்டத்துக்காக ரேடியோவின் ஒரு காலைத் தொட்டேன். அது முழுக்க முழுக்கக் கோழைத்தனம். அந்தக் கோழைத்தனம்தான் கிட்டாரைக் காப்பாற்றியது. தொட்ட மாத்திரத்தில் புஸ் என்று புகை. ஒயரின் மேல்தோல் மெழுகாக வழிந்தது. கால் தானாகவே கழன்று அயர்னோடு வந்தது.

“இன்னா மச்சான், பழகினேன்னு சொன்னியே” என்றார் பாவா.

அந்த நேரத்தில் என் முன்னால் இருந்த உப்புத்தாள் பறந்தது. பஞ்சு பறந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி வெறி பிடித்ததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் தறி ஓடும்போது மின்விசிறியின் மூன்று இறக்கையையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். டியூப்லைட் யோசித்து யோசித்து எரியும். தறி நிற்கிற நேரம் பார்த்துத்தான் மாவு அரைப்பார்கள். அதுவும் பாவா வீடு கரண்டு லைனின் கடைசி வீடு. தெருவே உறிஞ்சிவிட்டு மிச்சம் விட்டதுதான் அவருக்கு. இந்த விஷயம் அந்தத் தெருவில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். அந்தத் தெருவில் பிறந்த எனக்கும் தெரியும். ஆனால் விசிறிக்கு வருகிற அதே கரண்டுதான் அயர்னுக்கும் வருகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மின்னழுத்தம் கால் பங்கு குறைந்தால் சூட்டுச் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான். நான் அத்தனை நாளும் பழகியது அறுபது வாட்டே இல்லை. பெயருக்குத்தான் அறுபது.

இப்போது கையில் இருந்ததுதான் அசல் அறுபது. முதுகில் வைக்க இது சரி. காலில் வைத்தால் கால் மிஞ்சாது.

பாவாவிடம் விளக்கினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

“எத்தினி தறி வேணும்?” என்றார்.

சூடு குறைத்தல்

முதலில் தறியில்லாமல் முதுகு. உப்புத்தாளால் தேய்த்து, அயர்னை வைத்து, ஈயத்தைக் காட்டி, எடுத்தேன். வெள்ளி மாதிரி படர்ந்து உறைந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அடுத்து கால். “பாவா, ஒண்ணு போடுங்க.”

கீழே ஒரு தறி கடகடவென்று கிளம்பியது. விசிறி கொஞ்சம் தளர்ந்தது. ரேடியோவில் தொட்டுப் பார்த்தேன். இன்னும் புகை.

“இன்னொண்ணு.”

“ஆங்.”

விசிறி மேலும் தளர்ந்தது. தெருவில் மற்ற தறிகள் நின்றுபோனதால் பழைய பதம் வர பாவா ஒருவரே தெரு முழுவதற்கும் ஈடு செய்ய வேண்டியிருந்தது. ஆட்கள் லீவு. அவரே ஒவ்வொரு தறியாக ஓடி ஓடிப் போட்டார். மாடிப்படியில் அக்கா நடுவில் நின்று என் குரலைக் கீழேயும் அவர் குரலை மேலேயும் கடத்தினாள். கிட்டார் சரியாவதில் அவருக்கு அத்தனை அக்கறை இல்லை என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆனால் ஒரு இயந்திரத்தை ஓட்டச் சொன்னால் அவரால் அரைகுறையாக ஓட்ட முடியாது.

வாசலில் முனிரத்தினத்தின் குரல் கேட்டது.

“யோவ் சேகர், கிருத்திகை அன்னிக்கித் தறி போட்டுகினு கீறியே, தெருவுல யாருனா போடறாங்களா?”

“நான் எங்க தறி போட்டேன்? கிட்டாரு பாத்துகினு கீறோம்.”

“காதுல கேக்குதே, கடகடன்னு.”

“அது சூடு கம்மி பண்றதுக்கு.”

“எதுக்குச் சூடு?”

“கிட்டாருக்கு.”

முனிரத்தினம் செருப்பை வாசலில் கழற்றினார். பிறகு மாடி ஏறி வந்தார். புகைக்கு நடுவே நான் குனிந்திருந்ததைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

“ஜாஸ்தி ஆயிடுச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?”

“இன்னொரு தறி போடுவோம்” என்றேன்.

“கம்மியாயிட்டா?”

“ஒண்ணை நிறுத்துவோம். இப்ப ஜாஸ்தியா கீது, அதான் போடறோம்.”

“என்னுதும் ரெண்டு போடட்டா?” என்றார்.

கிருத்திகை, கட்டுப்பாடு எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. எதிர்வீட்டில் இரண்டு தறி கிளம்பியது. விசிறி இறக்கைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. அந்தப் பதத்தில் கிட்டாரின் காலைத் தொட்டேன். ஈயம் ஒரு சொட்டு, பளபளவென்று உட்கார்ந்தது.

“போதும்” என்று கத்தினேன். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகி ஒரு தந்தியைத் தட்டினேன். மணி அடித்ததுபோல் கேட்டது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. முனிரத்தினம் கைதட்டினார். அந்த ஈயப் பற்றவைப்பை நான் போனில் படம் பிடித்து, மறுநாள் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி மேசைக்கு அடியில் வைத்தேன். முழங்கையை ஊன்றுகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியிருந்தது.

பாவா மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாயிடுச்சா?”

“சுத்தமா சரியாயிடுச்சு பாவா.”

முனிரத்தினம் போனதும் பக்கத்தில் வந்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

“மச்சான், மறுபடியும் கழட்ட முடியுமா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் வரிக்கு மேல் அவருக்கு வரவில்லை. கிட்டார் ஊமையாகக் கிடந்தவரை வாசிக்கத் தெரியாதது யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனது அவருக்குக் கடவுள் கொடுத்த வழி. அதைத்தான் நான் தெருவையே திரட்டி அடைத்திருந்தேன்.

“நான் ஜென்மத்துல உருப்படியா செஞ்ச ஒரே வேலை பாவா. கழட்ட மாட்டேன்” என்றேன்.

மண்டபம்

ரிசப்ஷனில் பாவா சஃபாரி சூட் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். கிட்டாரின் வார் அவர் வயிற்றுக்குப் போதாமல் கழுத்தருகே நின்றது. பிரியா மாலையோடு உட்கார்ந்து அவரையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அந்த முதல் வரியை அடுத்த அறையிலிருந்து மாதக் கணக்கில் கேட்டவள். “நைனா, வேணாம்னா வுட்டுடு” என்று முன்பே சொல்லியும் பார்த்திருக்கிறாள்.

வாசித்தார். முதல் வரி தெளிவாக வந்தது. என் ஈயத்தின் புண்ணியத்தில் மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை தெளிவாகக் கேட்டது. இரண்டாவது வரிக்குப் போனார். விரல் நின்றது. அந்த அமைதியும் அதே அளவு தெளிவாகக் கேட்டது. அக்கா புடவைத் தலைப்பைக் கடித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பாவா மறுபடி முதல் வரியை வாசித்தார். போக வேறு இடம் இல்லை. மறுபடியும் அதே வரி. இன்னும் ஒரு தடவை.

முன்வரிசையில் சாமுவேல் தலையை ஆட்டினார். தொடையில் தாளம் போட்டார். அவருக்கு அது அழைப்பாகப் பட்டுவிட்டது. எழுந்து நின்று, அந்த வரிக்கு மேல் பாட்டைப் பாட ஆரம்பித்தார். அவர் மனைவி இன்னொரு குரலில் சேர்ந்தார். மகள்கள், மைத்துனர்கள் என்று மணவூரே எழுந்து நாலு குரலில் பிரிந்து பாடியது. அடியில் பாவா, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தறி ஓட்டுகிற ஒழுங்கோடு, ஒரே வரியை வாசித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தபோது எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அழுதார்கள்.

பந்தியில் சாமுவேல் பாவா பக்கத்து இலையில் உட்கார்ந்தார். எதிர் இலையில் நான்.

“எவ்ளோ அடக்கமா வாசிச்சீங்க சம்பந்தி. அவனவன் தன் வித்தையைக் காட்டுவான். நீங்க எங்களைப் பாடவெச்சிட்டு அடியிலயே நின்னீங்க. அறுப்புப் பண்டிகைக்கு எங்க சர்ச்சுக்கு வந்துடணும். ஆராதனை முழுக்க நீங்கதான் கிட்டாரு.”

பாவா தண்ணீர் குடித்தார்.

“வந்துடலாம் சம்பந்தி. அதுல இன்னா ஒண்ணுன்னா, கிட்டாருல ஒரு கோளாறு கீது. நல்லா வாசிச்சிகினே இருப்போம், உள்ள ஒயரு வுட்டுடும். அதான் இன்னிக்கும் ஒரு வரியோட நிறுத்திக்கினேன்.” பிறகு இலையைப் பார்த்தபடி சொன்னார்: “மச்சான்தான் பத்த வெச்சான்.”

சாமுவேல் என்னைப் பார்த்தார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சாம்பார் வாளியோடு நின்று என்னைப் பார்த்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் இலையில் அவசரமாகச் சாம்பாரை ஊற்றினாள்.

“ஆமாங்க” என்றேன். “எனக்குப் பத்த வெக்க வராதுங்க.”

பாவா தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார்.